ஸ்னோபோர்டில் குதிக்கப் போகிறவர்களுக்கு: குல்மார்கில் எனக்கு யாரும் சொல்லாதவை

என் அலுவலகத்தில் இந்தக் குளிர்காலத்துக்கு ஆளாளுக்கு காஷ்மீரில் இருக்கும் குல்மார்குக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குவது, ஓட்டுபவள் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை நாளில் குதிக்கலாம்?" போனில் வீடியோ காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் பனிமேட்டிலிருந்து எழும்பி, பலகையைக் கையால் பிடித்தபடி காற்றில் அப்படியே நிற்கிறார். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அதற்கு நான் கொடுத்த விலை இடது மணிக்கட்டு எலும்பு, 72,000 ரூபாய், ஒரு முழுப் பனிக்காலம். போவதற்கு முன் யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சில விஷயங்களைச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. பனியை நேரில் பார்த்ததே வேலைக்காக டெல்லி வந்த பிறகுதான். முதலில் கற்றுக்கொண்டது உத்தராகண்டில் இருக்கும் ஔலியில். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை 250 கிலோமீட்டர் மலைப்பாதை, அதற்கு மேலே ஔலி. பலகையின் குதிகால் பக்க விளிம்பு, விரல் பக்க விளிம்பு இரண்டிலும் திரும்பவும், நினைத்த இடத்தில் நிற்கவும் அங்கே பழகினேன். குதிக்க வேண்டும் என்றால் குல்மார்குக்குப் போ என்று எல்லாரும் சொன்னதால் அடுத்த பருவத்தில் அங்கே போனேன். வெளிநாட்டுப் பெரிய பனிச்சறுக்குத் தலங்களில் குதிப்பதற்கென்றே தனிப் பூங்கா இருக்கும். மேடுகளை இயந்திரம் வைத்துச் செதுக்கி, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அறிவிப்புப் பலகை நட்டிருப்பார்கள். நம் ஊரில் பயிற்சியாளரே மண்வாரி எடுத்துப் பனியை அள்ளிக் குவித்து மேடு கட்டுகிறார். அதைக் கிக்கர் என்கிறார்கள். அதன் வடிவம் சரியா தவறா என்பது அந்த ஒரு மனிதரின் அறிவையும் பொறுமையையும் மட்டுமே பொறுத்தது. கிளம்புவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு பயிற்சியாளரைப் பேசி 22,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருந்தேன். கோண்டோலா என்ற கேபிள் கார் நிலையத்துக்குப் பக்கத்தில் கீழ்ச்சரிவில், ஸ்லெட்ஜ் என்ற பனிவண்டி இழுப்பவர்களும் சுற்றுலாப் பயணிகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இடத்தின் ஓரத்தில், அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு கிக்கர் கட்டியிருந்தார். அதற்கு அப்பால் தரை சமதளமாகி விடுகிறது. "டரோ மத், சீதா ஆவோ, ஸ்பீட் கம் மத் கர்னா" என்றார். பயப்படாதே, வேகத்தைக் குறைக்காமல் நேரே வா என்பது மட்டும்தான் எனக்குக் கிடைத்த பாடம். காலை வெயில் இன்னும் படாத பனி, இறுகிக் கண்ணாடிபோல இருந்தது. நான் நினைத்ததைவிட இருமடங்கு வேகத்தில் கிக்கரின் விளிம்பை விட்டு எழும்பினேன். காற்றில் உடம்பு பின்னால் சாய்வது தெரிந்தது, கைகள் தாமாகச் சுழன்றன. சமதளத்தில் பலகையின் வால்பகுதி முதலில் இறங்கியது. பின்னால் விழும்போது இடது கையை ஊன்றினேன். வலிக்கு முன்னால் சத்தம்தான் வந்தது.

"மோச் ஹை, கல் தக் டீக் ஹோ ஜாயேகா" என்றார். சுளுக்குதான், நாளைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி, ஒரு கட்டுத் துணியைச் சுற்றிவிட்டு அவர் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்ததற்குக் காரணம் கை வலி இல்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஸ்லெட்ஜ்கார அண்ணன்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு, என்னை மருந்தகம் வரை நடத்திக் கூட்டிப் போனார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். அதற்குள் கை வீங்கி, அம்மா போட்டு அனுப்பிய தங்க வளையல் சதைக்குள் இறுக ஆரம்பித்திருந்தது. அதை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண்களுக்குச் சொல்கிறேன்: பனியில் இறங்கும்போது வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம். கையில் அடிபட்ட நொடியிலேயே, வீங்கும் முன், இருப்பதைக் கழற்றிவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டுப் பக்கம் முன்கை எலும்பின் நுனியில் விரிசல் விட்டிருந்தது. நல்லவேளை, எலும்பு நகரவில்லை. 50 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீநகருக்கு டாக்ஸி பிடித்துப் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். மறுநாள் விமானம் ஏற வேண்டும் என்று சொன்னதும், கையை முழுவதும் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் வரும் அரை மாவுக்கட்டாகப் போட்டார். புதிதாகப் போட்ட முழு மாவுக்கட்டோடு 48 மணி நேரத்துக்குள் பறந்தால் உள்ளே வீக்கம் கூடி ரத்த ஓட்டம் தடைபடலாம். அந்தக் கட்டைப் பிளந்து விட்டால்தான் பல விமான நிறுவனங்கள் ஏற்றும். அவர் கேட்காமலே செய்தார், உங்கள் டாக்டருக்குத் தோன்றாவிட்டால் நீங்கள் கேளுங்கள். போன் விஷயமும் முக்கியம். வெளிமாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. என்னுடையது போஸ்ட்பெய்ட் என்பதால்தான் டாக்ஸி, விமானம், டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கும் அத்தை என்று எல்லாரையும் அன்று மாலையே பிடிக்க முடிந்தது. அத்தை திட்டவில்லை. விமான நிலையத்துக்கு வந்து, "கையைக் காட்டுடி" என்று மட்டும் கேட்டு, நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டினார். ஆறு வாரம் மாவுக்கட்டு, அதற்கப்புறம் பிசியோதெரபி. தலை பின்னக்கூட ஆள் தேவைப்பட்ட அந்த நாட்களில், இனி பனிப்பக்கமே போவதில்லை என்று பல முறை முடிவெடுத்தேன்.

டெல்லி டாக்டர் என் கட்டைவிரல் அடியில் இருக்கும் சிறு குழியை அழுத்தி, வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த இடத்தில் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் அந்தக் குழியில் வலி இருந்தால், சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, பணக் கணக்கு. முன்பணம் 22,000 திரும்பி வரவில்லை. தங்காத இரவுகளுக்கு அறை வாடகை 9,000, புது விமான டிக்கெட் 8,500, டாக்ஸி 4,000, டாக்டர், எக்ஸ்ரே, மாவுக்கட்டு 7,500, பிசியோதெரபி 18,000, வளையலைத் திரும்பச் செய்ய 3,000. காப்பீட்டிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. காரணம் சாகச விளையாட்டு என்பதில்லை. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளின் பொது விதிப்படி, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுபவர்களுக்குத்தான் விலக்கு. பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு இல்லை. நான் மருத்துவமனையில் படுக்கையில் சேரவில்லை, புறநோயாளியாகவே கட்டுப் போட்டுக்கொண்டேன், அந்தச் செலவு என் பாலிசியில் இல்லை. பயணக் காப்பீடு வேறு கதை: அதில் பனிச்சறுக்கைத் தனியாகச் சேர்க்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கிளம்பும் முன் இரண்டு தாள்களையும் எடுத்து, புறநோயாளிச் செலவு, விபத்து, பனிச்சறுக்கு என்ற மூன்று இடங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கை கட்டில் இருந்தபோது நேரம் நிறைய இருந்தது. ஏன் உடைந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். உயரம்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நம்மை உடைப்பது, இறங்கும் தரைக்குச் செங்குத்தாக நம் உடம்பு எவ்வளவு வேகத்தில் மோதுகிறது என்பது. காற்றில் நாம் போகும் பாதை வளைந்து கீழே வருகிறது. தரையும் ஏறக்குறைய அதே கோணத்தில் சரிந்திருந்தால் பலகை அதை உரசிக்கொண்டு இறங்கும், பெரிய குதிப்பும் மெத்தென்று முடியும். தரை சமதளமாக இருந்தால் மொத்த வீழ்ச்சியையும் முழங்காலும் முதுகும்தான் வாங்க வேண்டும். காற்றில் ஒன்றரை மீட்டர் உயரம் போய்ச் சமதளத்தில் இறங்குவது, அதே உயரக் காம்பவுண்டுச் சுவரிலிருந்து சிமெண்டுத் தரையில் குதிப்பதற்குச் சமம். தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் இருக்கும். அதுவும் இரண்டு காலும் பலகையில் பூட்டப்பட்ட நிலையில். அதனால் கிக்கரைப் பார்க்கும்போது மேட்டைப் பார்க்காதீர்கள். நடந்து அதன் மறுபக்கம் போய், இறங்கும் சரிவைப் பாருங்கள். நன்றாகச் சரிந்திருக்கிறதா, பனி மிருதுவாக இருக்கிறதா, இறங்கிய பிறகு நிற்க நீண்ட இடம் இருக்கிறதா, பாறை, மரம், ஆட்கள் குறுக்கே வரும் வழி ஏதாவது உண்டா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் குதிக்க வேண்டாம், பயிற்சியாளர் யாராக இருந்தாலும் சரி.

டெல்லியில் பனி இல்லாவிட்டாலும் அந்தக் கோடை வீணாகவில்லை. தாவுவதற்கான முதல் வித்தை ஆலி. எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்காலைத் தூக்கி, பலகையின் வால் வில்லாக வளைந்து உதறும் விசையில் எழும்புவது, காற்றில் இரண்டு முழங்காலையும் சமமாக நெஞ்சுக்கு இழுப்பது. இந்த அசைவை வீட்டில் பாய் விரித்துப் பலகை இல்லாமலே பழகலாம். குருகிராமில் இருக்கும் டிராம்போலின் கூடங்களில் ஒரு மணி நேரம் துள்ளினால், காற்றில் முழங்காலை இழுத்துப் பிடித்துத் திரும்ப நிமிர்வது உடம்புக்குப் பழகிவிடும். அங்கே சுழலவோ குட்டிக்கரணம் போடவோ வேண்டாம், நேராகத் துள்ளுவதே போதும். கூடவே பேலன்ஸ் போர்டு, ஒற்றைக்கால் குந்துதல். விழவும் பழகினேன்: முன்னால் விழுந்தால் கைகளை முஷ்டியாக மூடி முன்கைகளில் விழ வேண்டும், பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல், பிட்டத்திலிருந்து முதுகுக்கு உருள வேண்டும். மெத்தையில் இதைச் செய்து செய்துதான் கை ஊன்றும் பழக்கம் குறைந்தது.

கருவிகளில் நான் இப்போது விட்டுக்கொடுக்காதவை மூன்று. மணிக்கட்டுக் காப்பு, ஏனென்றால் புதிதாக ஸ்னோபோர்டு ஓட்டுபவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டுதான். பனிச்சறுக்குக்கென்றே செய்த ஹெல்மெட்: உள்ளே ஈ.என். 1077 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 என்று அச்சிட்டிருக்கும். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது, ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டும் ஆகாது. மூன்றாவது, உள்ளே பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை. அடிமுதுகு வாலெலும்பு அதற்கு நன்றி சொல்லும். பலகையை வாடகைக்கு எடுத்தால் காலைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கின் திருகுகளை நீங்களே ஒவ்வொன்றாக முறுக்கிப் பாருங்கள். முன்கால் 15 டிகிரி, பின்கால் எதிர்ப்பக்கமாக 12 டிகிரி போல வாத்துக்கால் நிலையில் வைத்தால் இரண்டு பக்கமும் ஓட்ட வசதி.

அடுத்த பருவத்தில் வேறொரு பயிற்சியாளர் கிடைத்தார், உள்ளூர் இளைஞர், அதிகம் பேசாதவர். முதலில் கிக்கர் பக்கமே விடவில்லை. நேராகப் போகும்போது பலகையைத் தட்டையாக வைத்து, எந்த விளிம்பிலும் சாயாமல் ஓட்டச் சொன்னார். பிறகு சமதளத்தில் ஆலி, சரிவில் ஆலி, ஒரு கையுறையைப் பனியில் போட்டு அதன் மேல் ஆலி. அதன்பின் இயற்கையாக இருக்கும் சிறு மேடுகள். முழங்கால் உயரத்தில்தான் முதல் கிக்கர் கட்டினார், அதுவும் சரிவு செங்குத்தாகும் இடத்துக்குச் சற்று மேலே, இறங்குமிடம் தானாகவே சரிந்திருக்கும்படி. குதிக்கும் முன் கிக்கருக்குப் பக்கவாட்டில் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லி, எங்கே தொடங்கினால் என்ன வேகம் வருகிறது என்று பார்த்து, தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டார். காலையில் இறுகிய பனியில் போட்ட கோடு மதியம் இளகிய பனிக்குப் பொருந்தாது. வெயில் மாறும்போதெல்லாம் கோட்டையும் மாற்றினோம். மேட்டுக்கு அப்பால் ஒருவர் நின்று, கையைத் தூக்கி வழி காலி என்று காட்டிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.

மேட்டில் ஏறும்போது முழங்கால் மடங்கியிருக்கட்டும், பலகை தட்டையாக, தோள்கள் பலகைக்கு இணையாக. ஏறுவளைவில் வேகத்தைக் குறைக்கப் பலகையைத் திருப்பினால் விளிம்பு மாட்டி நேராகத் தலைகுப்புறத்தான். வேகம் அதிகம் என்று தோன்றினால் அதற்கு முன்பே ஓரமாக விலகிவிடுங்கள். மேட்டின் விளிம்பை அடையும்வரை அதைப் பார்க்க வேண்டும், அடைந்ததும் பார்வை இறங்குமிடத்துக்குப் போக வேண்டும். கீழே பார்த்தால் உடம்பு கீழே குவிகிறது. இரண்டு காலும் ஒன்றாக, முழங்கால் மடங்கி, பலகை தட்டையாக இறங்க வேண்டும். கணுக்காலில் வலி நீடித்தால் சுளுக்கு என்று விடாதீர்கள். பலகையோடு மோசமாக இறங்குபவர்களுக்குக் கணுக்கால் மூட்டில் இருக்கும் தாலஸ் எலும்பின் ஓரம் உடையலாம், அதுவும் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், ஸ்கேன் தேவைப்படும்.

இனி அழகு. இந்த விளையாட்டை நான் நேசிக்கக் காரணமே இதுதான். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதல்முறை சேர்ந்தபோது அதைப் புறக்கணித்த நார்வேக்காரர் டெர்யே ஹாகோன்சனின் குதிப்புகளைப் பாருங்கள். குறைவான அசைவு, பலகையைக் கையால் பிடிக்கும் நீண்ட பிடி. நமக்கும் அதே விதிதான். கைகள் சுழலாமல் அமைதியாக இருந்தால் பாதி அழகு வந்துவிடும், ஏனென்றால் கை சுழல்வதே சமநிலை போனதன் அடையாளம். முதல் பிடிக்கு இண்டி நல்லது: பின்கை, விரல் பக்க விளிம்பை, இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். அடுத்து மெலன்: முன்கை, குதிகால் பக்க விளிம்பு. இரண்டிலும் ரகசியம் ஒன்று. குனிந்து பலகையைத் தேடக் கூடாது. முழங்காலை இழுத்துப் பலகையைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்தால் எடை ஒரு பக்கம் சாயும், அது விழுவதற்கான வழி. முழங்காலை இழுத்தால் உடம்பு கச்சிதமாகிறது, காற்றில் நிலையாகிறது. எது பாதுகாப்போ அதுவே பார்க்கவும் அழகாக இருக்கிறது. பிடியைத் தொட்டுவிட்டு உடனே விடாமல், இறங்குமிடம் நெருங்கும்வரை வைத்திருங்கள். பிடிக்க நேரமில்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். தாமதமாகத் தேடும் கைதான் பெரும்பாலும் விழ வைக்கிறது. மெலன் நன்றாக வந்தபின் பலகையை முதுகுப்பக்கம் உயர்த்தி இழுத்தால் மெத்தட் ஆகும். எனக்கு இன்னும் அது முழுசாக வரவில்லை, இந்தப் பருவத்து ஆசை அதுதான்.

பாதிச் சுழற்சியான 180 பக்கம் போகும் முன், பின்காலை முன்னால் வைத்து ஓட்டப் பழகியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் அப்படித்தான் இறங்குவீர்கள். நெஞ்சு சரிவைப் பார்த்துத் திரும்பும் ஃப்ரன்ட்சைடிலிருந்து தொடங்குங்கள், இறங்கும் இடம் கண்ணில் படும். தலையில் அடிபட்டால் அன்று பலகையைக் கழற்றிவிடுங்கள். குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தலைவலியை உயரத்தின் மேல் பழிபோட்டுத் தொடர்ந்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுந்த பிறகு வரும் தலைவலி, வாந்தி, குழப்பம் எதுவானாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

பயிற்சியாளரைப் பேசும்போது நான் இப்போது நான்கு கேள்வி கேட்கிறேன். கிக்கர் எங்கே கட்டுவீர்கள்? இறங்குமிடம் சரிவா, சமதளமா? முதல் நாள் என்ன சொல்லித் தருவீர்கள்? அடிபட்டால் யார் என்னோடு கீழே வருவார்கள்? முதல் நாளே குதிக்க வைக்கிறேன் என்பவரிடம் நான் போவதில்லை. முன்பணம் நாலில் ஒரு பங்குக்கு மேல் அனுப்புவதில்லை, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். போன பருவத்தில் கட்டிய கிக்கரின் படம் ஒன்றும் கேட்பேன், பக்கவாட்டிலிருந்து எடுத்ததாக. முன்பக்கப் படத்தில் எல்லாக் கிக்கரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கவாட்டில்தான் இறங்கும் சரிவு தெரியும். நல்ல பயிற்சியாளர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவதில்லை, சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள்.